அரியக்குடிக் கொல்லையில் ஒரு கோழிக்கூடு

காரைக்குடியை ஒட்டியிருக்கும் அரியக்குடியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அறிவார்கள். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அது திருவேங்கடமுடையான் குடிகொண்ட ‘தென் திருப்பதி’. கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு, 1890-ல் பிறந்து 1967-ல் மறைந்த ராமானுஜ ஐயங்காரின் ஊர். கல்யாணச் சீர் வாங்குகிறவர்களுக்குக் குத்துவிளக்கு வார்க்கும் ஊர். இவையெல்லாம் ஊரின் முகப்பு. நாட்டுக்கோழி வளர்க்கிறவர் பார்க்க வேண்டியது கொல்லைப்புறத்தை.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பு, வளவு, முற்றம், அடுப்படி என்று கட்டுக்கட்டாகப் போய்ப் பின்வாசலில் நிற்கும். அந்தச் சுவர்களின் கண்ணாடிப் பூச்சுக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது என்பது இந்தப் பக்கம் எல்லோரும் சொல்லும் செய்தி. அத்தனை முட்டையும் ஏதோ ஒரு கொல்லைக் கோழி இட்டதுதான். ஊருணிக் கரையைத் தாண்டினால் சின்ன ஓட்டு வீடுகள், காரை வீடுகள், வைக்கோல் போர், ஆட்டுக் கொட்டில். செம்புறை மண், மானாவாரி நிலம், கண்மாய்த் தண்ணீரை நம்பிய நெல். மழை பொய்த்த வருடத்தில் வயல் கைவிட்டாலும் கொல்லையில் பத்துக் கோழி நின்றால் வீட்டுப் பெண்கள் கையில் சிறுவாட்டுப் பணம் புரளும். பள்ளிக்கூடத்து நோட்டும், மருந்துச் செலவும், முறைக்குச் செய்யும் மொய்யும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன.

ஒரு நாட்டுக் கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். ஓர் ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இட்டு, 21 நாள் அடை காத்துக் குஞ்சு பொரிக்கும். குஞ்சு வளர்ந்து விற்கும் பக்குவத்துக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். அந்த ஐந்தாறு மாத உழைப்பை ஒரே இரவில் இழந்த வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. தெருநாயோ மரநாயோ கூட்டுக்குள் புகுந்துவிட்டால் தன் பசிக்கு ஒன்றோடு நிற்பதில்லை. இருட்டில் கண் தெரியாமல் ஒடுங்கிக் கிடக்கும் கோழிகள் படபடக்கப் படபடக்க, அகப்பட்டதையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டுப் போகும்.

முன்பு யார் காத்தார்கள்?

‘எங்க அப்பத்தா காலத்துல பஞ்சாரம் போட்டுக் கவுத்தா போதும், ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லாதவர்கள் இல்லை. அது உண்மைதான். ஆனால் காத்தது பஞ்சாரம் மட்டும் இல்லை. நாலைந்து கோழிதான் இருக்கும். அவற்றைப் பஞ்சாரத்தால் மூடி மேலே ஒரு கல்லை வைப்பார்கள், அல்லது சுவரோரத்து மண் குடாப்பில் அடைத்துப் பலகை சாத்துவார்கள். பக்கத்திலேயே திண்ணையிலோ கட்டிலிலோ ஒரு பெரியவர் படுத்திருப்பார். கோழி ஒரு தடவை ‘கெக்கெக்’ என்றால் அவர் எழுந்து ஒரு சத்தம் போடுவார். வந்தது ஓடிவிடும்.

இன்று வீட்டில் எல்லோரும் உள்ளே மின்விசிறிக்கு அடியில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். கோழியின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறை ஏழைப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுத்த திட்டங்களால், நாலு கோழி நின்ற கொல்லையில் பதினைந்து, இருபது நிற்கின்றன. பொரிப்பகத்தில் பொரித்து, தாய் இல்லாமல் வளர்ந்த குஞ்சுகளுக்குப் பருந்தின் நிழலைக் கண்டால் புதருக்குள் ஓடச் சொல்லித்தர ஆளும் இல்லை. ஆகவே திண்ணையில் படுத்திருந்த அந்தப் பெரியவரின் வேலையைக் கூடுதான் செய்தாக வேண்டும். கூடு கட்டுகிறவர் மனத்தில் வைக்க வேண்டிய கணக்கு இதுதான்.

எந்தப் பக்கத்திலிருந்து எது வரும்?

கூடு கட்டும்முன் கொல்லையில் நின்று நாலு பக்கமும் பாருங்கள். அரியக்குடி போன்ற ஊரில் பகை வரும் வழி கண்ணுக்கே தெரியும்.

உரிமையாளர்கள் வெளியூரில் இருப்பதால் விசேஷத்துக்கு மட்டும் திறக்கப்படும் பழைய ஓட்டு வீடுகள் செட்டிநாடு முழுக்க இருக்கின்றன. ஆள் புழங்காத ஓட்டு இடுக்கும் பரணும் மரநாய்க்கு மிகவும் பிடித்த இடம். காய்ந்த மட்டை கழிக்காத பனையிலும் அது தங்கும். இரவில் மட்டுமே வரும். மரம், சுவர், கூரை எதிலும் ஏறும். கண்மாய்க் கரை வளையிலும் வேலிப் புதரிலும் கீரி இருக்கும். அது பகல் விலங்கு. காலையில் கோழியைத் திறந்துவிட்ட பிறகும், மாலையில் அடைக்கும் முன்பும் வரும். சீமைக்கருவேலங் காட்டுக்குள் காட்டுப்பூனை இருக்கும். அடுக்கி வைத்த விறகு, கல் குவியல், பழைய ஓட்டுக் குவியல் இவற்றில் பாம்பும் பெருச்சாளியும் இருக்கும். தெருவில் நாய். வானத்தில் செம்பருந்தும் வல்லூறும். காக்கையையும் விட்டுவிடக் கூடாது, பொரித்து ஒரு வாரமான குஞ்சுக்கு அதுவே எமன்.

கோழி ஏற்கெனவே பறிபோயிருந்தால், எது வந்தது என்பதை அடையாளம் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம்.

ஒரே இரவில் பல கோழி செத்து, தின்னாமல் சிதறிக் கிடந்தால், வலையும் கிழிந்து வளைந்திருந்தால், நாய். கூரைப் பக்கம் வழி ஏற்பட்டிருந்து, சுற்றுச்சுவர் மேலோ ஓட்டின் மேலோ பழ விதைகள் நிறைந்த எச்சம் கிடந்தால், மரநாய். ஒரு கோழியை மட்டும் காணவில்லை, இறகு வேலி வரை கோடு போட்டது போலக் கிடக்கிறது என்றால், பூனை அல்லது காட்டுப்பூனை. பகலில் கோழியின் கழுத்திலும் தலையிலும் கடி இருந்தால் கீரியைச் சந்தேகிக்கலாம். ஓடுகூட மிஞ்சாமல் முட்டை மறைந்தால், சத்தமே இல்லாமல் குஞ்சு எண்ணிக்கை குறைந்தால், விழுங்க முடியாமல் கக்கிய ஈரக் குஞ்சு கிடந்தால், பாம்பு. கூட்டின் அடியில் புதிதாகத் தோண்டிய மண்ணும் கொறித்த முட்டை ஓடும் கிடந்தால் பெருச்சாளி அல்லது எலி.

வருகிற விதம் ஐந்துதான்: தோண்டுவது, ஏறுவது, நெருக்கி நுழைவது, கிழிப்பது, மேலிருந்து பாய்வது. இந்த ஐந்தையும் ஒரு கூடு தடுத்துவிட்டால், எந்த விலங்கு என்ற ஆராய்ச்சியே தேவைப்படாது.

இடமும் அளவும்

15 பெட்டை, 2 சேவல் இரவில் தங்க 6 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள கூடு போதும். பகலில் மேய்ச்சலுக்கு விடும் கோழிக்கு இரவுத் தங்கலுக்கு ஒரு கோழிக்கு 1 சதுர அடிக்குச் சற்று மேல் கிடைத்தால் சரி. முன்பக்க உயரம் 4 அடி, பின்பக்க உயரம் 3 அடி வைத்தால் கூரைக்கு நல்ல வாட்டம் கிடைக்கும்.

நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போதுதான் வெயில் நேராக உள்ளே அடிக்காது. இரவில் வீட்டுக்குள் இருப்பவர் காதுக்குக் கோழிச் சத்தம் கேட்கும் தூரத்தில், படுக்கை அறை ஜன்னலுக்கு 20, 30 அடிக்குள் அமைப்பது நல்லது. மரக்கிளை கூரைக்கு மேல் தொங்கக் கூடாது. மரநாய்க்கு அது பாலம். விறகு அடுக்கும் இடமும் குப்பைக்குழியும் கூட்டிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். கூட்டைச் சுற்றி 6 அடிக்குப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கி வையுங்கள். மறைவு இல்லாத வெட்டவெளியைக் கடக்கக் கீரியும் பாம்பும் தயங்கும்.

காலும் அடித்தளமும்

கூட்டைத் தரையிலிருந்து இரண்டரை அடி தூக்கிக் கட்டுங்கள். காற்றோட்டம் கிடைக்கும், எச்சம் கீழே விழும், தோண்டி வருகிறவற்றின் வேலை அங்கேயே முடிந்துவிடும். கால்களுக்குத் தைல மரக் கம்பு இந்தப் பக்கம் எளிதில் கிடைக்கும். ஆனால் செம்மண்ணில் நட்ட மரத்தைக் கரையான் விட்டுவைக்காது. வேலிக்கு நடும் கருங்கல் ஊன்றுகால் ஆறு வாங்கினால் ஒரு தலைமுறைக்கு நிற்கும். மரக்கால்தான் என்றால் அடியில் சிமென்ட் மேடை போட்டு அதன் மேல் நிறுத்துங்கள்.

தென்னையில் எலி ஏறாமல் இருக்கத் தகரம் சுற்றுவோமே, அதே முறைதான் கூட்டின் காலுக்கும். ஒவ்வொரு காலிலும் ஒன்றரை அடி அகலத் தகரத்தை இடைவெளி இல்லாமல் சுற்றி ஆணி அடியுங்கள். எலிக்கும் பாம்புக்கும் அது வழுக்கும். மரநாய்க்கு அது தடையே இல்லை, தாவிவிடும். மரநாயைத் தடுக்க வேண்டியது வலை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் பட்ட பாடு இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. உயரமாக நிற்கும் கூடு காற்றில் சாயும். ஆகவே கால்கள் இரண்டடி ஆழமாவது மண்ணுக்குள் போக வேண்டும். மேடை மீது நிறுத்திய கூடு என்றால் நான்கு மூலையையும் முளை அடித்துக் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள்.

வலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள்

கடையில் ‘கோழி வலை’ என்று கேட்டால் அறுகோணக் கண் கொண்ட மெல்லிய வலையைத் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்காது. நாய் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும். பகலில் அடைப்பு வேலிக்கு அதைப் பயன்படுத்தலாம். இரவுக் கூட்டுக்கு ஆகாது.

இரவுக் கூட்டுக்கு வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ். ஓர் அங்குலக் கண் என்றால் எலியும் இளம் பாம்பும் நுழையும். கம்பித் தடிமன் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தரைக்கு மட்டும் 1 அங்குலத்துக்கு அரை அங்குலம் என்ற நீள்கண் வலையை, இன்னும் தடித்த கம்பியில் போடுங்கள். நீளம் ஓர் அங்குலம் இருப்பதால் எச்சம் விழும். அகலம் அரை அங்குலமே இருப்பதால் எதுவும் நுழையாது. கோழி கனத்தில் வலை தொய்யாமல் ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் அவசியம்.

கணக்கு எளிது. முன்பக்கம் 24 சதுர அடி, பின்பக்கம் 18, இரு பக்கவாட்டும் சேர்ந்து 28, தரை 24, ஆக மொத்தம் 94 சதுர அடி. வெட்டுச் சேதாரம் சேர்த்து 105 சதுர அடி வாங்கினால் போதும். சுவரில் ஒரு பக்கத்தைச் செங்கல்லாலோ பலகையாலோ அடைத்தால் அந்த அளவு குறையும்.

வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் அடியுங்கள். விலங்கு வெளியிலிருந்து தள்ளும்போது வலை சட்டத்தோடு இன்னும் இறுகும். உள்பக்கம் அடித்திருந்தால் தள்ளத் தள்ள ஆணி கழன்று வரும். யு ஆணியை நாலு அங்குலத்துக்கு ஒன்றாக அடித்து, அதன் மேல் பனஞ்சட்டத்தாலோ மரப் பட்டியலாலோ அழுத்தி இன்னொரு முறை ஆணி அடியுங்கள்.

காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுத் துறைகளில் ஒன்று, இரும்பு துருப்பிடிப்பது. கோழிக்கூட்டுக்கும் அந்த விஷயம் முக்கியம். வலைக்கம்பியின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு, தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. பூச்சு தீர்ந்தால் இரும்பு போய்விடும். கோழி எச்சத்தின் ஈரமும் அதிலிருந்து எழும் அம்மோனியாவும் இதை வேகப்படுத்துகின்றன. ஆகவே எச்சம் ஒட்டிய வலையை வாரம் ஒரு முறை தேய்த்துக் காயவிடுங்கள். வெல்டிங் செய்த பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுத்த வலை, முன்பே பூச்சு கொடுத்த கம்பியால் செய்ததைவிட நெடுநாள் உழைக்கும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

காரைக்குடியில் இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் பழைய ஜன்னல், கதவு, நிலை கிடைக்கும். நல்ல மரம், மலிவாகக் கிடைத்தால் விட வேண்டாம். ஆனால் ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் மூன்று நான்கு அங்குலம் இடைவெளி இருக்கும். மரநாய்க்கும் கீரிக்கும் அது திறந்த வாசல். தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். கம்பிக்குப் பின்னால் வலை அடித்தே பயன்படுத்த வேண்டும்.

கூரை

தகரக் கூரை மட்டும் போட்டால் சித்திரை வெயிலில் கூடு அடுப்பாகிவிடும். தகரத்தின் மேல் பனையோலையோ தென்னங்கீற்றோ பரப்பிக் கட்டுங்கள். ஓட்டுக்கூரை குளிர்ச்சிதான். ஆனால் மரநாய் ஓட்டைத் தூக்கி நகர்த்தி இறங்கும். ஓடு வேய்ந்தால் அதற்கு அடியில் முழுதும் வலை பரப்பி அடித்த பிறகே வேய வேண்டும். கீற்றுக்கூரைக்கும் அதே விதி.

கூரை நாலு பக்கமும் ஓர் அடி வெளியே நீண்டிருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்கும் பக்கம் சாக்குப் படுதா தொங்கவிடலாம். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் காற்றுக்காக விடும் சந்தையும் வலையால் அடைக்க மறக்காதீர்கள். கட்டி முடித்த பல கூடுகளில் மரநாய் புகுந்த வழி அந்தச் சந்துதான்.

பரணும் முட்டைப் பெட்டியும்

நாட்டுக்கோழியின் முன்னோரான காட்டுக்கோழி இரவில் மரக்கிளையில் தங்குவது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. உள்ளே உட்காரக் கம்பு இல்லையென்றால் உங்கள் கோழி முருங்கை மரத்தையே தேடும். ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தடிமனில், சிராய் இல்லாத இரண்டு கம்புகளை ஒரே உயரத்தில் நீளவாக்கில் வையுங்கள். ஒரு கோழிக்கு 8 அங்குலம் வீதம் ஆறடிக் கம்பில் 9 கோழி உட்காரும். சுவர் வலையிலிருந்து கம்பு ஓர் அடிக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும். வலையை ஒட்டி உட்கார்ந்த கோழியின் காலையும் இறகையும் பூனை வெளியில் நின்றே பிராண்டி இழுக்கும்.

ஐந்து பெட்டைக்கு ஒன்று வீதம் மூன்று முட்டைப் பெட்டி, ஒவ்வொன்றும் ஓர் அடி நீள அகல உயரத்தில் போதும். வெளியிலிருந்து மூடியைத் திறந்து முட்டை எடுக்கும்படி அமைத்தால், உள்ளே குனிந்து தேட வேண்டியதில்லை. மூடிக்கும் தாழ்ப்பாள் வேண்டும்.

கதவுதான் உயிர்நாடி

ஆள் துப்புரவு செய்யப் பெரிய கதவு ஒன்று, கோழி வந்து போகச் சின்ன வாசல் ஒன்று. கோழி வாசலுக்கு ஓர் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் போதும். அதற்குக் கண்மாய் மடைப்பலகை போல மேலும் கீழும் ஏறி இறங்கும் பலகை சிறந்தது. இரண்டு பக்கமும் காடி வெட்டிய சட்டத்துக்குள் பலகை இறங்கினால் ஓரத்தில் சந்து இருக்காது. இறக்கிய பிறகு குறுக்கே ஓர் ஆணி செருகிவிட்டால் எந்த மூக்கும் அதைத் தூக்க முடியாது.

பெரிய கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போதாது. மேலே ஒன்று, கீழே ஒன்று வையுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் நாய் முட்டும்போது மற்ற முனை வளைந்து சந்து விடும். கயிறு கட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள். எலி கொறிக்கும், நாய் கடிக்கும், அவசரத்தில் கட்டிய முடிச்சு தானே அவிழும்.

தீனியில் தொடங்கும் சங்கிலி

இரவில் கூட்டுக்குள் தீனி மிச்சம் இருந்தால் எலி வரும். எலி வந்தால் பாம்பு வரும். பாம்பும் எலியும் இருக்கும் இடத்துக்குக் கீரி வரும். வந்த கீரி குஞ்சைக் கண்டால் விடாது. ஆகவே மாலையில் போடும் குருணையும் கம்பும் பொழுது சாயும்முன் தின்று தீரும் அளவே போடுங்கள். தீவன மூட்டையை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். முட்டையை நாளுக்கு இரண்டு முறை எடுங்கள். செத்த கோழியையும் இறைச்சிக் கழிவையும் கொல்லையில் வீசாமல் ஆழக் குழியில் புதையுங்கள். வாடை பிடித்து வரும் நாய் வழியைக் கற்றுக்கொள்ளும். கற்ற வழியை மறக்காது.

பகல் காவல்

பருந்துக்கும் காக்கைக்கும் கூடு பதில் சொல்லாது. எட்டு வாரம் வரை குஞ்சுகளைத் தாயோடு பஞ்சாரத்திலோ, மேலும் வலை போட்ட அடைப்பிலோ வைத்திருங்கள். தரையில் அமைக்கும் இந்த அடைப்புக்கு வலையை ஓர் அடி மண்ணுக்குள் இறக்கி, ஓர் அடி வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள். வேலியோரத்தில் தோண்டத் தொடங்கும் விலங்கின் நகம் வலையில் மாட்டும். பின்னால் தள்ளிப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது.

செம்மண் நிலத்துக்கு ஒரு வசதி உண்டு. பழைய பானையில் கந்தல், காய்ந்த ஓலை, சாணம் திணித்து நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் சேர்ந்திருக்கும். அடைப்புக்குள் அதைக் கொட்டினால் குஞ்சுக்குப் புரதம். வயிறு நிறைந்த குஞ்சு வெளியே ஓடி அலையாது. வளர்ந்த கோழி மேயும் இடத்தில் முருங்கை, அகத்தி, கொய்யா என்று தாழ்ந்த நிழல் இருந்தால் பருந்து பாயும்போது ஒளிந்துகொள்ளும். கினிக்கோழி இரண்டு இருந்தால் அந்நியமான எதைக் கண்டாலும் ஊரைக் கூட்டும். ஆனால் அது கத்தத்தான் செய்யும், காக்காது.

கொல்வது தீர்வாகாது

கோழி போன ஆத்திரத்தில் முட்டையில் விஷம் வைப்பதும், வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் சில இடங்களில் நடக்கின்றன. இரண்டுமே உயிர்க்கொலையில் போய் நிற்கும். விஷ முட்டையை முதலில் தின்பது பக்கத்து வீட்டு நாயாக இருக்கலாம். தொடுவது குழந்தையாகவும் இருக்கலாம். திருட்டு மின்வேலியில் இறந்த மனிதர்களைப் பற்றி ஆண்டுதோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். கீரி, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு, நல்ல பாம்பு, சாரை எல்லாமே 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கொன்றால் வழக்கு.

விவசாயிக்கு இதைவிடப் பெரிய காரணம் வயலில் இருக்கிறது. நெற்கதிர் முற்றும்போது வரப்பில் வளை போடும் எலியைத் தின்பவை இதே கீரி, இதே சாரை, இதே ஆந்தைதான். பயிர்ப் பாதுகாப்புக்காக வயலில் டி வடிவப் பறவைத் தாங்கிகளை நட்டு, பூச்சி தின்னும் பறவைகளையும் எலி பிடிக்கும் ஆந்தையையும் வரவழைக்கிறோம். வயலில் வேண்டும் என்பதைக் கொல்லையில் கொல்லக் கூடாது. கொல்லையில் அதற்கு வழி இல்லாமல் செய்தால் அது வயலுக்குப் போகும். அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

முட்டை எடுக்கும் கை

கூட்டுக்குள் வரும் பாம்பால் கோழிக்கு மட்டும் ஆபத்து இல்லை. இருட்டில் முட்டைப் பெட்டிக்குள் கைவிடும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் பெரிய ஆபத்து. டார்ச் அடித்துப் பார்க்காமல் எந்தப் பெட்டிக்குள்ளும், எந்தப் பஞ்சாரத்துக்குள்ளும் கைவிட வேண்டாம். பாம்பு இருந்தால் அடிக்கப் போகாமல் தள்ளி நின்று தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நச்சுமுறி ஊசி அங்கே இருக்கிறது. பச்சிலை தேடும் அரைமணி நேரம் உயிரின் விலை.

பலரும் கேட்பவை

இருக்கிற மண் குடாப்பையே சரிசெய்ய முடியுமா? நாலைந்து கோழிக்கு முடியும். தரையில் சிமென்ட் பூசி, சுவர் வெடிப்பை அடைத்து, பலகைக்குப் பதில் வலை அடித்த கதவும் மேலே காற்றுக்கு வலைச் சந்தும் வைத்தால் போதும்.

ஆட்டுக் கொட்டிலிலேயே அடைக்கலாமா? ஆட்டுக்கு விடும் சட்ட இடைவெளி கோழிக்குக் காவல் ஆகாது. எச்சமும் புழுக்கையும் சேர்ந்து ஈரமும் பேனும் பெருகும். தனிக்கூடு நல்லது.

நாய் வளர்த்தால் போதாதா? கோழியோடு குட்டியிலிருந்தே பழகிய நாய் நல்ல துணை. ஆனால் அதுவும் தூங்கும். கூட்டுக்குப் பதில் நாய் இல்லை. கூட்டோடு சேர்த்து நாய்.

இவ்வளவு செய்தால் கோழி சாகவே சாகாதா? வெள்ளைக்கழிச்சலை எந்த வலையும் தடுக்காது. குஞ்சுக்கு முதல் வாரத்திலும், பின்னர் எட்டாவது வாரத்திலும் தடுப்பு மருந்து வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். இரவில் கூட்டில் அடைந்த கோழியை விடிவதற்குள் எளிதாகப் பிடிக்கலாம். மரத்தில் அடையும் கோழியைத் துரத்திப் பிடித்து ஊசி போடுவது நடக்கிற காரியமா?

அந்தி நேரத்து ஐந்து நிமிடம்

எவ்வளவு நல்ல கூடும் திறந்து கிடந்தால் வெறும் நிழற்குடை. கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே இருட்டுகிறது. ஆனியில் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்காமல் கோழியைப் பாருங்கள். அவை கம்பேறத் தொடங்கியதும் ஒருவர் போய் எண்ண வேண்டும். வீட்டில் யார் அடைப்பது என்பதை முன்பே பேசி வையுங்கள். ‘அவள் சாத்தியிருப்பாள்’, ‘அவன் பார்த்திருப்பான்’ என்று இரண்டு பேரும் நினைத்த இரவில்தான் கூடு காலியாகிறது. கல்யாணத்துக்கு, கோயிலுக்கு என்று போகும் நாளில் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மாதம் ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன் கட்டாயம் ஒரு முறை, கூட்டைச் சுற்றிச் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு வாருங்கள். கதவடி, கூரைச் சந்து, மூலைச் சட்டம், முட்டைப் பெட்டி மூடி என எங்கே அந்த விரல் தாராளமாக நுழைகிறதோ, அந்த இடத்தை அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.